காற்புள்ளிக்குப் பின்னால்

சந்தியாகோவிலிருந்து வந்தவர்கள்
ஒன்பது மாதம் கேட்டார்கள்.
எதையும் தொடுமுன் வகை சொல்லியாக வேண்டுமாம்.
எடை ஓர் எண். பெயர் ஒரு சொல்.
கடல் வற்றுவது தேதியா, நேரமா?
அதற்கே ஒரு கூட்டம் போட்டார்கள்.
கூட்டுறவுச் சங்கத்தில்
ஆறு வாரத்துக்குத்தான் பணம் இருந்தது.
நான் பதினோரு நாள் என்றேன்.
பத்து என்றுதான் நாக்கு எழுந்தது.
கொஞ்சம் கூச்சப்பட்டு ஒன்றைக் கூட்டினேன்.

கெம்சியில் கடல்
நாளைக்கு இரண்டு முறை எழுந்து வெளியே போகும்.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்க
பெண்கள் முழங்கால் நீரில் பாசி பறிப்பார்கள்.
கடல் திரும்பி வருவதற்குள்
எடை போட்டு, எழுதி, மூட்டை கட்டியாக வேண்டும்.
அவசரம் இங்கே
யாருடைய குணமும் இல்லை, அட்டவணை.

விறகடுப்புப் பக்கம் உட்கார்ந்து
ரெயில்ஸுக்கு ஒரு வரி கட்டளை தட்டினேன்.
கெட்டில் கூவுமுன்
படிவம், பட்டியல், பக்கம் எல்லாம்
பிழைக்க வந்தவை போல் வரிசையில் நின்றன.
'சாகோ' என்றேன், மூட்டை.
அட்டவணைக்கு 'சாகோஸ்' என்று
தானே பேர் வைத்துக்கொண்டது.
'மார்' என்றேன், கடல்.
'மார்ஸ்' என்றது.
கடலுக்குப் பன்மை அதற்குத் தெரியவில்லை.
'மாரெஸ்' என்று திருத்திக் கொடுத்தேன்,
பெருமையாகக்கூட இருந்தது.

ரூபி வகைதொகை கேட்காத மொழி.
கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்.
அது எடைதானா, எடை மாதிரியா என்று
ஓடும்போது பார்த்துக்கொள்ளும்.
பதினோராம் நாள் மத்தியானம்
லௌதாரோ ஒயார்சோ
சங்கத்துச் செலவில் ஒரு பாட்டில் சீடர் உடைத்தார்.

மூன்றாம் வாரம், மழையோடு,
எடெல்மீரா பார்ரியா வந்தாள்.
தராசுக்காரி.
கையில் உப்புப் பெட்டியின் அட்டை,
அட்டை முழுக்கப் பென்சில் கோடுகள்.
'யாஸ்னா, உன் இயந்திரம்
மூட்டைக்கு வட்டி பிடிக்கிறதா?'

பிடித்துத்தான் இருந்தது.
எங்கள் நாட்டில் பன்னிரண்டரையை
பன்னிரண்டு, காற்புள்ளி, ஐந்து என்று எழுதுவோம்.
நான் எண்ணாக்கச் சொன்ன மொழி
பன்னிரண்டு வரை படித்தது.
காற்புள்ளியைக் கண்டதும்
வாசலோடு திரும்பிவிட்டது.
பிழை என்று கத்தவில்லை,
சிவப்பாக எதுவும் காட்டவில்லை.
காற்புள்ளிக்குப் பின்னால்
அரைக் கிலோ நின்றுகொண்டிருந்தது,
ஒவ்வொரு மூட்டைக்கும், நனைந்தபடி.

திருத்த ஒரே வரி. நான்கு நிமிடம்.
அதில் மூன்று, இணையம் வருவதற்குக் காத்தது.
அந்த வேகத்தில்தான் எனக்கு வெட்கம் வந்தது.
ஒன்பது மாதக்காரர்கள்
முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டிருப்பார்கள்.
பத்தாம் மாதம்
கேட்பதற்குச் சங்கம் இருந்திருக்காது.
இரண்டும் உண்மை.
எது பெரிய உண்மை என்று
எடெல்மீராவிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

போனது போனதுதான் என்று நினைத்தபோது
பதிவேட்டுக் கோப்பு ஞாபகம் வந்தது.
யாரும் படிக்காத அந்த நீளக் கோப்பில்
சட்டகம் தன்பாட்டுக்கு
வந்ததை வந்தபடியே குறித்து வைத்திருந்தது,
காற்புள்ளியும் ஐந்துமாக.
விடிய விடியப் பொறுக்கினேன்.
தராசில் அரைக்குக் கீழே கோடு கிடையாது.
ஆக, நானூற்று இருபத்தொன்பது மூட்டை,
இருநூற்றுப் பதினான்கரைக் கிலோ.
அட்டையோடு ஒப்பிட்டேன்.
அட்டையில் ஒரு கோடு கூடுதல்.
அது ஈ உட்கார்ந்த கறை என்றாள் எடெல்மீரா,
சிரிக்காமல்.

வெள்ளிக்கிழமை பணம் பட்டுவாடா ஆனது.
அன்றே அவளுக்கு இன்னொரு கட்டம் வேண்டுமாம்,
ஈரப்பாசிக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று.
'நாளைக் கடல் வற்றுமுன்?' என்றாள்.
'சாயங்காலமே' என்று நாக்கு எழுந்தது.
இந்த முறை கூச்சம் முந்திக்கொண்டது.
'நாளை' என்றேன்.

முதல் எடையை அவளே தட்டினாள்.
ஈர விரல், ஒவ்வோர் எழுத்தாக.
பதினெட்டு. காற்புள்ளி. ஐந்து.
திரையில் பதினெட்டரை வந்தது.
அவள் போகவில்லை.
பக்கத்தை மூடி
மறுபடி திறந்து காட்டச் சொன்னாள்.